பாரம் ஏற்றும் முன் பின்ஸ்பிரிங்கைக் கவனியுங்கள்

சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் துவாஸ் இரண்டாம் இணைப்புப் பாலத்தைக் கடந்து, பின்னிருக்கையில் ஒருவரையும் பெட்டிகள் நிறையச் சாமான்களையும் சுமந்து மலேசிய நெடுஞ்சாலையில் செல்லும் கனமான நெடும்பயண மோட்டார் சைக்கிள், வளைவுகளில் வெளிப்புறமாக விலகினாலோ வேகத்தில் கைப்பிடி ஆடினாலோ, பலரும் டயரை மட்டுமே சந்தேகிக்கிறார்கள். பின்ஸ்பிரிங்கின் முன்னழுத்தம், அதாவது பாரம் ஏறும் முன்பே ஸ்பிரிங்கை அழுத்தி வைத்திருக்கும் அளவு, தனியாக ஓட்டுவதற்கு வைத்தபடியே இருப்பதும் இதற்குப் பொதுவான காரணம். பின்புறம் தாழ்ந்தால் முன்சக்கரத்தின் மீதான பாரம் குறைந்து, வண்டி திரும்பும் துல்லியம் மங்குகிறது. முழுப் பாரத்துடன் அமரும்போது சஸ்பென்ஷன் தன் மொத்த நகர்வில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மட்டும் தாழும்படி முன்னழுத்தத்தைக் கூட்டுங்கள். கனமான பொருள்கள் பக்கப் பெட்டிகளின் அடியில் இருக்கட்டும். மேல்பெட்டிக்கு மழைச்சட்டை போதும். டயர் காற்றழுத்தத்தைப் புறப்படும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே, கையேட்டில் முழுப் பாரத்துக்குக் குறிப்பிட்டுள்ள அளவுக்கு வையுங்கள். அதன் பிறகும் ஆட்டம் நிற்காவிட்டால், கைப்பிடித் தண்டின் பேரிங்கைப் பட்டறையில் சோதிக்கச் சொல்லுங்கள்.