நிழல் விழும் இடத்தில் டிசம்பர் பூ: கட்டிங்கிலிருந்து மார்கழி வரை

வெயில் போதாத வீட்டில் பூச்செடி வராது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் அது சரி. டிசம்பர் பூவுக்கு நாள் முழுக்க வெயில் வேண்டியதில்லை. ஒருமுறை நட்டால் பல வருடம் நிற்கும். மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறிக் கிடக்கும் மார்கழியில்தான் இது செடி நிறையப் பூக்கும். வாசனை கிடையாது, ஆனால் அந்த ஊதா நிறத்துக்கு இணை இல்லை. வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதாவில் வெள்ளைக் கோடு போட்டது என்றும் வகைகள் உண்டு. நர்சரியில் பெயர் புரியாவிட்டால் பார்லேரியா கிரிஸ்டேட்டா என்று கேளுங்கள். கனகாம்பரத்தின் குடும்பம்தான் இதுவும்.

1. இடம்

நிழலில் வளரும் என்பதற்காக இருட்டில் வைத்துவிடக் கூடாது. காலை வெயில் 3, 4 மணி நேரம் பட்டு, உச்சி வெயிலுக்கு நிழல் விழும் இடம் நல்லது. வீட்டின் கிழக்குப் பக்கம், தென்னை அல்லது முருங்கை அடி, இப்படி. அடர்ந்த மாமரத்தின் கீழே வைத்தால் தண்டு நெடுநெடுவென்று போகும், பூ இருக்காது.

2. கட்டிங்

ஆனி, ஆடி மாதங்கள் தோதானவை. பக்கத்து வீட்டுச் செடியில் ஒரு கிளை கேட்டு வாங்கினாலே போதும். ரொம்ப இளசும் வேண்டாம், முற்றிய கட்டையும் வேண்டாம். 5 அங்குல நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, 2 கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். செம்மண் 2 பங்கு, மணல் 1, மட்கிய சாண எரு 1 என்ற கலவை போதும்.

முதல் தடவை நான் தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றி, ஊன்றிய ஆறு குச்சியையும் அழுக விட்டேன். இழுத்துப் பார்த்தால் அடி கறுத்து, தோல் வழுவழுவென்று கையோடு வந்தது. மண்ணை விரலால் தொட்டுப் பாருங்கள். மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். 3, 4 வாரத்தில் புதுத்தளிர் வரும். அதன் பிறகு தரையிலோ 12 அங்குலத் தொட்டியிலோ மாற்றலாம்.

3. நுனி கிள்ளுதல்

பூ எவ்வளவு வரும் என்பது இதில்தான் இருக்கிறது. கிளை நுனிகளில்தான் பூக்கும், அதனால் கிளை பெருகினால் பூ பெருகும். செடி அரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் நீண்டதும் இன்னொரு முறை. ஆவணிக்கு மேல் கை வைக்காதீர்கள். அதற்குப் பின் வெட்டினால் மொட்டு வைக்க வேண்டிய நுனிதான் போகும்.

மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். ஐப்பசி அடைமழையில் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடியில் நீர் தேங்கக் கூடாது. மாவுப்பூச்சி தெரிந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள்.

4. பூ பறித்தல்

கார்த்திகையில் கிளை நுனியைப் பாருங்கள். சீப்புப் பல் போல ஓரம் வெட்டிய பச்சை இதழ்கள் அடுக்காக நிற்கும். அவற்றின் இடுக்கிலிருந்துதான் ஊதா மொட்டு நீண்டு வரும். காலையில் பூவை மெல்ல இழுத்தால் குழலோடு கழன்று வரும், அந்தப் பச்சைப் பகுதி செடியிலேயே நின்றுவிடும். நீளக் காம்பு போல இருப்பதால் வாழைநாரில் தொடுக்க எளிது. முதல்முறை தொடுப்பவர்கள் இதில் பழகலாம்.

5. பூத்து முடிந்த பிறகு

மாசியில் செடியை ஒரு அடி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். மனசு வராது, ஆனாலும் வெட்டுங்கள். வெட்டாத செடி அடியில் மொட்டையாகி, உச்சியில் மட்டும் நாலு பூ பூக்கும். விதை வேண்டுமென்றால் வெட்டுவதற்கு முன் பழுப்பேறிய காய்களை எடுத்து, துணியில் முடிந்து காய வையுங்கள். திறந்து வைத்தால் பட்டென்று வெடித்து, விதை மூலைக்கு ஒன்றாகப் போய்விடும்.