தியேட்டர் டெக்னாலஜி பட்டம்: சேரும் முன்னும் சேர்ந்த பின்னும்

‘ஓ.டி. கோர்ஸ்’ என்று கேட்டால் மூன்று வகைப் படிப்பைக் காட்டுவார்கள்: ஓராண்டுச் சான்றிதழ், டிப்ளமோ, பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர் அண்ட் அனஸ்தீசியா டெக்னாலஜி. பட்டம் என்பது கடைசியாகச் சொன்னது மட்டுமே. மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியல், அல்லது தாவரவியலும் விலங்கியலும் படித்திருக்க வேண்டும். உயிரியல் இல்லாத கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவர்களுக்கு இந்த வழி கிடையாது.

அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விதிகளுக்கு அந்தந்த ஆண்டு விளக்கக் குறிப்பேடுதான் ஆதாரம். போன வருடம் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னது ஆதாரமில்லை. சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களை இ-சேவையில் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டுப் பக்கம் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் ஊர்க்காரர்களின் பெயருக்கு முன்னால் இரண்டு மூன்று இனிஷியல் வரிசையாக நிற்கும். பத்தாம் வகுப்புச் சான்றில் மூன்று, ஆதாரில் ஒன்று என்று இருந்தால் சரிபார்ப்பில் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடியே மற்ற எல்லாவற்றையும் திருத்தி விடுங்கள். பிற்பாடு வெளிநாட்டு வேலைக்குப் போகும்போதும் இதே தகராறுதான் வரும்.

தனியார் கல்லூரி என்றால் கட்டணத்தைக் கேட்கும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் இந்தப் பாடப்பிரிவுக்கே இருக்கிறதா? கல்லூரிக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, பாடப்பிரிவுக்கு இருப்பது வேறு. அடுத்தது, பயிற்சி எந்த மருத்துவமனையில், அங்கே தினமும் எத்தனை ஆபரேஷன் நடக்கிறது? கட்டடத்தின் அழகைப் பார்த்து ஏமாற வேண்டாம். தியேட்டர் காலையில் சீக்கிரமே தொடங்கிவிடும். காரைக்குடியிலிருந்து மதுரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். தினமும் பஸ்ஸில் போய்வரலாம் என்று கணக்குப் போடுபவர்களுக்கு மயக்க மருந்து மிஷினைத் தயார் செய்வதைப் பார்க்கவே வாய்க்காது. ஹாஸ்டலில் தங்குவதுதான் சரி.

முதல் வருடத்தில் உடற்கூறியலும் உடலியங்கியலும்தான் நிறையப் பேரைக் கவிழ்க்கும். பாடம் புரியாததால் அல்ல, ஆங்கிலத்தில் எழுத வராததால். தமிழ் மீடியப் பிள்ளைகள் நாளுக்குப் பத்துச் சொல் வீதம் ஒரு நோட்டில் எழுதி, படம் வரைந்து பெயர் குறித்துப் பழகினால் ஆறு மாதத்தில் பயம் போய்விடும்.

அடுத்து மயக்க மருந்து மிஷின். பழைய ஆட்கள் ‘பாய்ல்ஸ்’ என்பார்கள். முதல் கேஸுக்கு முன் தினமும் சோதிக்க வேண்டும். வாயு வரும் பைப்லைனின் அழுத்தம் 4 பார் அளவில் இருக்க வேண்டும். பிறகு மாற்று சிலிண்டரைத் திறந்து பாருங்கள். ‘இ’ வகை ஆக்சிஜன் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 2000 பி.எஸ்.ஐ., ஏறத்தாழ 660 லிட்டர். முள் 1000-இல் நின்றால் பாதிதான். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் அரை மணி நேரம் தாங்கும். நைட்ரஸ் ஆக்சைடுக்கு இந்தக் கணக்கு உதவாது. உள்ளே திரவம் இருக்கும்வரை முள் 750 பக்கமே நின்று, தீரும் தருவாயில் திடீரென்று விழும். எடை போட்டுத்தான் மிச்சம் தெரியும். நோயாளிக்கு மூச்சுக் காற்று போய்வரும் குழாய்த் தொடரான சர்க்யூட்டின் கசிவுக்கு, வால்வை மூடி, நோயாளிப் பக்க முனையை அடைத்து, 30 செ.மீ. நீர் அழுத்தம் வரை ஏற்றி 10 வினாடி பாருங்கள். இறங்கினால் முதல் சந்தேகம் கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் டப்பாவின் மேல். மாற்றிய பிறகு சரியாக உட்காராமல் இருக்கும், அல்லது ரப்பர் விளிம்பில் துகள் ஒட்டியிருக்கும். சக்‌ஷன் இழுக்கிறதா, தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு பிரகாசமாக எரிகிறதா, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்தால்தான் சோதனை முடிந்ததாகக் கணக்கு.

நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் பிள்ளைகள் செய்யும் முதல் தவறு, துணியும் கருவியும் வைக்கும் டிரம்மை அடைத்துத் திணிப்பது. நீராவி நடுவரை போகாது. பொட்டலத்தில் ஒட்டிய டேப்பில் கோடு கறுத்துவிட்டது என்று நம்பவும் கூடாது. அந்தப் பொட்டலம் சூடு கண்டது என்பதை மட்டும்தான் அது சொல்லும். கிருமி செத்ததற்கு அது சாட்சியில்லை. ஈரத்தோடு வெளியே வரும் பேக் சுத்தமில்லாத பேக்; திருப்பி அனுப்புங்கள்.

எண்ணிக்கைதான் இந்தத் தொழிலின் உயிர். செட்டிநாட்டுக் கலியாண வீட்டில் சாமான் அறைப் பாத்திரத்தை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறார்களே, அதே ஒழுங்கு. மாப் (ரத்தம் ஒற்றும் துணி), காஸ், ஊசி, கருவி எல்லாவற்றையும் இரண்டு பேர் சேர்ந்து வாய்விட்டு எண்ணி போர்டில் எழுத வேண்டும். தொடங்கும் முன் ஒரு முறை, வயிறு போன்ற உள்ளறையை மூடும் முன் ஒரு முறை, தோலைத் தைக்கும்போது இன்னொரு முறை. கணக்கு எங்கே தப்பும்? நடுவில் பிரித்த பேக்கை எழுத மறப்பதில், மாப்பைக் கத்தரித்துப் பயன்படுத்துவதில், ஐந்து இருக்க வேண்டிய கட்டில் நான்கே இருப்பதில். அப்படிப்பட்ட கட்டைக் கணக்கில் சேர்க்காமல் முழுசாக வெளியே எடுத்துவிடுங்கள். ஒன்று குறைந்தால் உடனே சர்ஜனிடம் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ளலாம், கோபிக்கட்டும். தரை, வாளி, விரிப்பு மடிப்பு எல்லாம் தேடியும் கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே. மாப்பில் எக்ஸ்ரேயில் தெரியும் நூல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

மின்சாரத்தால் வெட்டவும் ரத்தத்தை நிறுத்தவும் பயன்படும் காட்டரியின் பிளேட்டைச் சதைப்பிடிப்பான, உலர்ந்த இடத்தில் முழுதும் ஒட்டும்படி வையுங்கள். எலும்பு மேட்டிலோ, ஸ்பிரிட் ஈரத்திலோ வைத்தால் மின்சாரம் சின்னப் பரப்பில் குவிந்து தோல் வெந்துவிடும்.

வேலைக்கு வரும்போது அறிவிப்பின் தகுதிப் பகுதியை ஒரு வரி விடாமல் படியுங்கள். தியேட்டர் பணி எல்லாவற்றுக்கும் பட்டமே தகுதி என்று எண்ணிவிட வேண்டாம், சான்றிதழ்ப் படிப்பைக் கேட்கும் இடங்களும் உண்டு. வளைகுடா போக நினைப்பவர்களுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பும் உரிமத் தேர்வும் இருக்கும். அதற்கு லாக் புத்தகம் கைகொடுக்கும். ஒவ்வொரு கேஸையும் அன்றன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மாதக் கடைசியில் போனால், அந்த டாக்டர் வேறு பிரிவுக்கு மாறிப் போயிருப்பார்.