முற்பிறவி நினைவைப் போல் உறுத்தும் ஓர் ஐரிஷ் மெட்டு: சுரம் பிரித்துக் கேட்கும் முறை

முதன்முறை கேட்கும் மெட்டு, என்றோ வாழ்ந்து விட்டுவந்த ஊரைப் போல நெஞ்சை உறுத்துவதுண்டு. இன்பமாக இருப்பவனும் இனிய ஓசை கேட்டு ஏங்கினால், அவன் மனம் தன்னையறியாமல் முற்பிறவி உறவை நினைக்கிறது என்று சாகுந்தலத்தின் ஐந்தாம் அங்கத்தில் துஷ்யந்தன் சொல்வதும் இதைத்தான். இவ்வுணர்வை ஆராய்ந்து பார்க்க விரும்புவோருக்கு ‘லண்டன்டெரி ஏர்’ என்னும் ஐரிஷ் மெட்டு மிகவும் ஏற்றது. கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசை பாடும் அளவுக்குச் சுரம் தெரிந்தால் போதும்.

முதல் படி: சொல் இல்லாமல் கேளுங்கள்

பலரும் இம்மெட்டை ‘டேனி பாய்’ பாடலாகவே அறிவார்கள். ஆனால் அந்த வரிகள் ஃபிரெடெரிக் வெதர்லி என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் எழுதி, 1913இல் இம்மெட்டோடு வெளிவந்தவை. பிரிவைச் சொல்லும் அந்த வரிகளே கண்ணீரை வரவழைத்துவிடும் என்பதால், வயலினிலோ ஐரிஷ் தகரக்குழலிலோ வாசித்த பதிவைத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை கேட்டு முடித்ததும் மனத்தில் வந்த இடம், வெளிச்சம், வாசனை ஆகியவற்றை உடனே ஒரு தாளில் எழுதுங்கள். ‘முற்பிறவி’ என்று மட்டும் எழுதாதீர்கள். அது உணர்வன்று, உணர்வுக்கு நாம் தரும் விளக்கம்.

இரண்டாம் படி: நீங்களே பாடிப் பாருங்கள்

மெட்டு மந்தர (கீழ் ஸ்தாயி) தைவதத்திலிருந்து தார (மேல் ஸ்தாயி) காந்தாரம் வரை செல்வதால் சுருதியைச் சற்றுத் தாழ்வாக வைத்துக்கொள்ளுங்கள். சங்கராபரண ராகத்தின் சுரங்களே போதும், ஆனால் சுரத்தை அசைக்கும் கமகம் வேண்டாம். அசைத்துப் பாடினால் மெட்டு நம் ஊருக்கு வந்துவிடும். தொடக்கம் இது:

நி ஸ ரி | க ரி க த | ப க ரி ஸ | த
ஸ க ம | ப த ப க | ஸ க ரி

முதல் வரியின் முதல் நிஷாதமும் கடைசித் தைவதமும் மந்தரத்தில் உள்ளவை. பின்பாதியில் ‘ப ப ப’ என்று ஒரே இடத்தில் நின்ற குரல், இடையிலுள்ள த, நி, ஸ, ரி நான்கையும் தாண்டித் தார காந்தாரத்தில் ஏறும். எனக்குத் தொண்டை அடைப்பது அந்த ஓரிடத்தில்தான். உங்களுக்கு எங்கே என்று கண்டுபிடித்து, அச்சுரத்தின் கீழே கோடிடுங்கள். தேடலுக்கு அந்தக் கோடு மிகவும் உதவும்.

மூன்றாம் படி: மெட்டின் வயதைப் பாருங்கள்

வட அயர்லாந்தின் லிமவாடி ஊரைச் சேர்ந்த ஜேன் ராஸ் குறித்துத் தந்த இம்மெட்டை, நாட்டார் மெட்டுகளைத் தொகுத்த ஜார்ஜ் பெட்ரி 1855இல் டப்ளினில் அச்சிட்டார். அப்போது இதற்குப் பெயரும் இல்லை, பாடல் வரியும் இல்லை. எட்வர்ட் பன்டிங்கின் 1796ஆம் ஆண்டு ஐரிஷ் இசைத் தொகுப்பில் இதன் சாயல் கொண்ட மெட்டு ஒன்று உண்டு. ராஸ் தாளத்தைத் தவறாகக் குறித்துக்கொண்டார், மூலம் மூன்று தட்டில் இருந்திருக்கலாம் என்று நாட்டார் இசை ஆய்வாளர் ஆன் கில்கிறிஸ்ட் 1934இல் வாதிட்டார். ஆக, ஆயிரமாண்டுப் பழமை என்று நாம் உணரும் நிதான நடையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் எழுத்துப் பிழையாக இருக்கக்கூடும்.

நான்காம் படி: இப்பிறவியைத் துருவுங்கள்

கேட்டது மறந்து, கேட்ட சுவடு மட்டும் தங்கும் நிலையை உளவியலார் மறைநினைவு என்பார்கள். பள்ளி, தேவாலயம், பழைய வானொலி, அண்டை வீடு என ஒவ்வோர் இடமாகத் தாளில் குறித்த வாசனையோடு ஒப்பிடுங்கள். நான் ஈரக் கற்சுவர், மெழுகு வாசனை என்று எழுதியிருந்தேன். அயர்லாந்தேதான் என்று நம்பவும் செய்தேன். நான்கு நாள் கழித்துத்தான், மழைக்காலத்தில் நாங்கள் வரிசையில் நின்ற பள்ளிச் சிற்றாலயமும், மூலையில் ஆர்மோனியம் வாசித்த ஆசிரியையும் நினைவுக்கு வந்தார்கள். அதன்பின்பு ‘ப ப ப’ பாடிக் காந்தாரத்தைத் தொட்டேன். தொண்டை அப்போதும் அடைத்தது.