ஜாவாஎஃப்எக்ஸ் செயலிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஜாவாவில் சாளரச் செயலிகள் எழுத உதவும் ஜாவாஎஃப்எக்ஸில் எழுதும் நிரல்களைச் சரிபார்ப்பது சில காலமாக என் பொறுப்பில் இருக்கிறது. ஆட்கள் மாறுகிறார்கள், பிழைகள் மாறுவதில்லை. அவற்றுள் பல ஒரு காலத்தில் என் நிரலிலும் இருந்தவைதாம். கோப்பின் பாதையைத் தவறாகக் கொடுப்பது, இம்போர்ட்டை மாற்றிப் போடுவது போன்றவற்றைப் பிழைச்செய்தியே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன். எழுதியவரின் கணினியில் ஒழுங்காக ஓடிவிட்டு, வாடிக்கையாளரின் மேசைக்குப் போன பிறகு காலை வாரும் பிழைகள் வேறு வகை.

கனமான வேலையை ரன்லேட்டருக்குள் திணிப்பது

பொத்தான் அழுத்தத்துக்குப் பதில் சொல்வது, திரையின் அமைப்பைக் கணக்கிடுவது, அசைவூட்டத்தை நகர்த்துவது ஆகிய எல்லாமே அப்ளிகேஷன் த்ரெட் என்ற ஒரே த்ரெட்டில் (நிரல் ஓடும் தடத்தில்) நடக்கின்றன. திரை வழக்கமாக நொடிக்கு 60 முறை வரை புதுப்பிக்கப்படுவதால், ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையே ஏறத்தாழ 16 மில்லிநொடி மட்டுமே கிடைக்கிறது. இந்த அளவு பெரும்பாலோருக்குத் தெரியும். இதற்கு மேல் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு செய்யும் திருத்தங்கள்தாம் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகின்றன.

மொத்த விற்பனைக் கடை ஒன்றுக்காக எழுதப்பட்ட சரக்கிருப்புச் செயலியைப் பார்க்க நேர்ந்தது. ‘தேடு’ பொத்தானை அழுத்தினால் சாளரம் வெளிறிப்போய், தலைப்புப் பட்டையில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வந்தது. எழுதியவர் தரவுத்தள இணைப்பைத் திறப்பது முதல் கடைசி வரிசையைப் படிப்பது வரை அனைத்தையும் பிளாட்ஃபார்ம் ரன்லேட்டர் (Platform.runLater) முறைக்குள் வைத்திருந்தார். அப்படிச் செய்தால் வேலை பின்னணிக்குப் போய்விடும் என்பது அவர் நம்பிக்கை. ரன்லேட்டரோ அந்த வேலையை அதே அப்ளிகேஷன் த்ரெட்டின் வரிசையில் கடைசியாகச் சேர்க்கிறது, அவ்வளவுதான். ஒரே ஒரு கவுண்ட்டர் உள்ள இடத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு வந்து அதே கவுண்ட்டரில் நிற்பது போன்றது அது. அவருடைய சோதனைத் தரவுத்தளத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பொருள்கள் இருந்ததால் தேக்கம் கண்ணில் படவில்லை.

உறைதல் நீங்கவில்லை என்றதும் அவர் ரன்லேட்டரை எடுத்துவிட்டு, புதிய த்ரெட் ஒன்றைத் தொடங்கி, அதிலிருந்தே அட்டவணை கவனித்துக்கொண்டிருக்கும் அப்சர்வபிள் லிஸ்ட் என்ற பட்டியலில் வரிசைகளைச் சேர்த்தார். இது முன்னதைவிட மோசம். வேறு த்ரெட்டிலிருந்து திரையைத் தொட்டால் ‘நாட் ஆன் எஃப்எக்ஸ் அப்ளிகேஷன் த்ரெட்’ என்ற விதிவிலக்கு (எக்ஸெப்ஷன்) வந்தே தீரும் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்தச் சோதனை சில இடங்களில் மட்டுமே செய்யப்படுகிறது. லிஸ்ட்டை மாற்றும்போது பல நேரங்களில் எதுவும் நடக்காது, சில நேரங்களில் வெற்று வரிசைகள் தோன்றும், எப்போதாவது அட்டவணையைக் காட்டும் டேபிள்வியூவின் உட்புறத்தில் எங்கோ நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் வெடிக்கும். பிழை எந்த வரிகளின் வழியே வந்தது என்று காட்டும் ஸ்டேக் டிரேஸில் நீங்கள் எழுதிய வரி ஒன்றுகூட இராது. பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி ரன்லேட்டர் போட்டுப் பார்த்தார். ஆயிரக்கணக்கான சிறு வேலைகள் வரிசையில் நிற்க, பொத்தான் அழுத்தம் அவற்றின் பின்னால் காத்திருந்தது.

இதற்கென்றே டாஸ்க் என்ற வகுப்பு இருக்கிறது. வினவலை அதன் கால் (call) முறையில் எழுதி, முழுப் பட்டியலையும் அங்கிருந்து திருப்பியனுப்பி, வேலை முடிந்ததும் ஓடும் ஆன் சக்ஸீடட் கையாளியில் லிஸ்ட்டின் செட்ஆல் முறையை ஒரே தடவை அழைத்தால் போதும். அந்தக் கையாளி அப்ளிகேஷன் த்ரெட்டில்தான் ஓடும். முன்னேற்றத்தைக் காட்ட அப்டேட் புராகிரஸ் உண்டு. அது அடிக்கடி வரும் மாற்றங்களைச் சுருக்கி அனுப்புவதால் வரிசை நிரம்பி வழியாது. தேடல் பெட்டியில் உள்ள எழுத்தை டாஸ்க்குக்குள் போய்ப் படிக்காமல், தொடங்கும் முன்பே எடுத்து அதனிடம் கொடுத்துவிட வேண்டும். வேலை தோற்றால் ஓடும் ஆன் ஃபெயில்ட் கையாளியை விட்டுவிட்டால், தரவுத்தளம் அறுந்துபோனாலும் விதிவிலக்கு சத்தமின்றி டாஸ்க்குக்குள்ளேயே தங்கிவிட, பயனர் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். டாஸ்க்கை இயக்கும் த்ரெட்டை டீமனாக (செயலி முடிவதைத் தடுக்காத த்ரெட்டாக) அமைக்காவிட்டால், சாளரத்தை மூடிய பிறகும் வேலை முடியும்வரை செயலி டாஸ்க் மேனேஜரில் குடியிருக்கும்.

ஒரு டாஸ்க்கை ஒருமுறைதான் இயக்கலாம். மீண்டும் மீண்டும் தேட வேண்டிய இடத்தில் சர்வீஸ் வகுப்பே ஏற்றது. அதன் ரீஸ்டார்ட் முறை பழைய தேடலை ரத்து செய்துவிட்டுப் புதியதைத் தொடங்குவதால், தாமதமாக வரும் பழைய முடிவு புதியதன்மேல் ஏறி உட்காராது. ஆனால் டாஸ்க்கை ரத்து செய்தால் தரவுத்தளத்தில் ஓடும் வினவலும் நின்றுவிடும் என்று நம்பக் கூடாது. அதற்கு ஸ்டேட்மென்ட்டின் கேன்சல் முறையைத் தனியாக அழைக்க வேண்டும்.

செல்லைத் துடைக்காமல் விடுவது

அட்டவணையில் எத்தனை ஆயிரம் வரிசைகள் இருந்தாலும், கண்ணுக்குத் தெரியும் பகுதிக்குத் தேவையான செல்களை மட்டுமே டேபிள்வியூ உருவாக்கி, உருட்டும்போது அவற்றையே மறுபடி பயன்படுத்துகிறது. ஆகவே செல்லை நிரப்பும் அப்டேட் ஐட்டம் முறையில் சூப்பரை (தாய் வகுப்பின் அதே முறையை) அழைக்காமலோ, செல் காலியாகும்போது எழுத்தையும் படத்தையும் நிறத்தையும் அகற்றாமலோ விட்டால், இருப்புத் தீர்ந்த பொருளுக்குப் போட்ட சிவப்பு நிறம் தொடர்பில்லாத வரிசையில் போய் ஒட்டிக்கொள்ளும். ‘தரவு தப்பாக வருகிறது’ என்று வரும் புகார்களில் இந்த வகையை முதலில் சந்தேகியுங்கள்.

லிசனரைச் சேர்த்துவிட்டு மறப்பது

செயலி ஓடும் காலம் முழுதும் வாழும் ஒரு பிராப்பர்ட்டியில் (மாற்றத்தைக் கவனிக்கக்கூடிய மதிப்பில்), சில நொடி திறந்து மூடும் உரையாடல் பெட்டி ஒன்று மாற்றத்தைக் கவனிக்கும் லிசனரைச் சேர்த்தால், மூடிய பின்னும் அந்தப் பெட்டி நினைவகத்தை விட்டுப் போகாது. உடனே தன்னுள் உள்ளதை நினைவகத்தில் பிடித்துவைக்காத வீக் சேஞ்ச் லிசனருக்குத் தாவி, அதனுள் ஒரு லாம்டாவை (பெயரற்ற சிறு செயற்கூற்றை) நேரடியாகக் கொடுப்பவர்களும் உண்டு. அந்த லாம்டாவை வேறு எதுவும் பிடித்திராவிட்டால் பயன்படாத நினைவகத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்டர் அதை எடுத்துப்போக, லிசனர் காரணமே தெரியாமல் ஊமையாகிவிடும். லாம்டாவைப் புலமாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பெட்டி மூடும்போது லிசனரை நீக்குங்கள்.

கன்ஸ்ட்ரக்டரில் எஃப்எக்ஸ்எம்எல் புலங்களைத் தொடுவது

திரையின் அமைப்பை விவரிக்கும் எஃப்எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து நிரம்பும் புலங்கள் எல்லாம் கன்ஸ்ட்ரக்டரில் இன்னும் நல் (null, வெறுமை). அவை நிரம்பிய பின் அழைக்கப்படும் இனிஷியலைஸ் முறையில் எழுதுங்கள்.

பிராப்பர்ட்டி வேல்யூ ஃபேக்டரி

நெடுவரிசைக்கான மதிப்பை, பிராப்பர்ட்டியின் பெயரை வெறும் எழுத்தாகக் கொடுத்து எடுக்கும் வகுப்பு இது. அந்தப் பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் கம்பைலர் வாய் திறக்காது, நெடுவரிசை வெறுமையாக நிற்கும். இதற்குப் பதில் ஒரு லாம்டா போதும்.

ஜார் கோப்பை மட்டும் கொடுத்தனுப்புவது

ஆரக்கிளின் ஜேடிகே (ஜாவா நிரல் எழுதும் கருவித்தொகுப்பு) 8-இல் ஜாவாஎஃப்எக்ஸ் உள்ளேயே இருந்தது. 2018-இல் வந்த ஜேடிகே 11-இலிருந்து அது தனியாகப் பிரிந்துவிட்டது. நிரலைப் பொதிந்த அதன் ஜார் கோப்புகளில் அந்தந்த இயங்குதளத்துக்குரிய நேட்டிவ் கோப்புகளும் இருப்பதால், லினக்ஸில் கட்டிய ஜார் விண்டோஸில் ஓடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2021-இல் ஜேடிகே 16-உடன் முழுமை பெற்ற ஜேபேக்கேஜ் கருவி, ஜாவா ரன்டைமையும் (நிரலை ஓட்டத் தேவையான பகுதியையும்) சேர்த்து நிறுவிக் கோப்பாகக் கட்டித்தருகிறது. விண்டோஸுக்கானதை விண்டோஸிலும் மேக்குக்கானதை மேக்கிலும்தான் கட்ட முடியும். விண்டோஸில் நிறுவிக் கோப்பைக் கட்ட உதவும் விக்ஸ் கருவியையும் முன்னதாக நிறுவியிருக்க வேண்டும். கட்டிய கோப்பை ஜாவா இல்லாத கணினியில் நிறுவிப் பார்த்த பிறகே வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். எழுதியவரின் கணினியில் ஜேடிகே ஏற்கெனவே இருப்பதால், விடுபட்ட மாட்யூல் (ஜாவாவின் தனிப்பகுதி) எதுவும் அங்கே வெளிப்படாது.