எக்ஸ்காம் 2: மிஷனைப் பார்க்காமல் ஸ்குவாட் எடுப்பதால் வரும் தோல்விகள்

ஃபிராக்சிஸ் உருவாக்கி 2016இல் வெளிவந்த, வேற்றுக்கிரக எதிரிகளோடு டர்ன் முறையில் மோதும் எக்ஸ்காம் 2 விளையாட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே, 90 சதவீதம் காட்டிவிட்டுத் தவறிப்போன ஷாட்டைப் பற்றித்தான் எல்லோரும் புலம்புவார்கள். அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் தோற்ற மிஷன்களில் பல, ஸ்கைரேஞ்சர் என்ற விமானத்தில் ஆள் ஏற்றும் திரையிலேயே பாதி தோற்றுவிட்டவை. ரேங்க் கூடிய நாலு பேரை வரிசையாக நிரப்பிவிட்டு லாஞ்சை அழுத்துவதுதான் மூலத் தவறு. எந்த மிஷன், அதில் டர்ன் கணக்கு (டைமர்) உண்டா, முடித்தபின் வெளியேற வேண்டுமா என்ற மூன்றையும் பார்த்தபிறகே ஆள் தேர்வுக்குப் போக வேண்டும்.

கெரில்லா ஆப்ஸ் எனும் சிறு தாக்குதல் மிஷன்களில் அடிக்கடி பார்க்கும் தப்பு, தொலைவிலிருந்து சுடும் ஷார்ப்ஷூட்டர்கள் இருவரை ஏற்றுவது. ஸ்னைப்பர் ரைஃபிளைச் சுட ஒரு டர்னின் இரண்டு ஆக்‌ஷனும் செலவாகும். நகர்ந்தால் சுட முடியாது, சுட்டால் நகர முடியாது. டைமர் பெரும்பாலும் 8 டர்ன்தான். ஆரம்பத்தில் ஸ்குவாடே நாலு பேர். அதில் இருவர் பின்தங்கினால், முன்னால் போகும் இருவர்தான் எல்லா அடியையும் வாங்குவார்கள். அதற்காக ஷார்ப்ஷூட்டரை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். ரிலே என்ற எதிரிக் கருவியைத் தகர்க்கும் மிஷனில் அவருக்கு நிகர் யாருமில்லை: கூட வரும் ஒருவர் ரிலேயைப் பார்த்துவிட்டால் போதும், ஸ்குவாட்சைட் என்ற திறனால் தொலைவிலிருந்தே அதை உடைத்துவிடலாம். வொர்க்ஸ்டேஷன் ஹேக் என்றால் ஸ்பெஷலிஸ்ட் இல்லாமல் கிளம்பாதீர்கள். மற்றவர்கள் அந்த இயந்திரத்தின் பக்கத்துக் கட்டம் வரை போயாக வேண்டும். ஸ்பெஷலிஸ்ட் தூரத்தில் நின்றே கிரெம்லின் என்ற தன் ட்ரோனை அனுப்பி முடித்துவிடுவார். கடைசி இரண்டு டர்னில் அந்தத் தூரம்தான் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது.

டைமர் என்றதும் தலைதெறிக்க ஓடுவதும் தவறுதான். சாதாரண வீரர் ஒரு நீல நகர்வில் (ஒரே ஆக்‌ஷனில்) சுமார் 8 கட்டம் போவார். நிற்காமல் நீல நகர்விலேயே போனால், பல மேப்புகளில் நேரம் மிச்சமே இருக்கும். இரண்டு ஆக்‌ஷனையும் விழுங்கும் மஞ்சள் எல்லை வரை ஓடி, ஆக்‌ஷன் எதுவும் மிச்சமில்லாமல் பாட் எனும் புதிய எதிரிக் குழு ஒன்றை எழுப்பிவிடுவதுதான் ஆபத்து. உங்களைப் பார்த்ததும் எதிரிகள் ஓடிக் கவர் (மறைப்பு) எடுத்துக்கொள்வார்கள். அடுத்து சுடுவதும் அவர்கள்தான். அதனால் புது இடத்தைத் திறந்து பார்க்கும் வேலையை டர்னின் முதல் ஆளிடம் கொடுங்கள். கடைசி ஆள் ஏற்கெனவே கண்ணில் பட்ட தரையில் மட்டும் நடக்கட்டும்.

முக்கிய ஆள் ஒருவரை மீட்கும் அல்லது பிடிக்கும் விஐபி மிஷன்களின் டைமர் வேறு ரகம். ஹேக் மிஷனில் நேரம் போனால் போவது இலக்கு மட்டும். வெளியேற்றும் மிஷனில் நேரம் முடிந்தால் ஸ்கைரேஞ்சர் கிளம்பிவிடும். தரையில் நின்றவர்கள் சிறைபிடிக்கப்படுவார்கள். எதிரி விஐபியைக் கொல்வதைவிட உயிரோடு தூக்கிவந்தால் பரிசு கூட. ஆனால் அதன் விலையைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மயக்கமான ஆளைத் தோளில் சுமப்பவரால் சுட முடியாது. நாலு பேர் ஸ்குவாடில் மிஞ்சுவது மூன்று துப்பாக்கி. சுமக்கும் வேலையைக் குண்டு வீசும் கிரெனேடியரிடம் கொடுத்துவிட்டு, எதிரியின் கவரை உடைக்க ஆளில்லாமல் நிற்பதைவிட, ரேங்க் குறைந்த ஒருவரிடம் கொடுப்பதே சரி.

எதிரிகள் பொதுமக்களைத் தாக்கும் ரிட்டாலியேஷன் மிஷனில் கன்சீல்மென்ட் (மறைந்தபடி தொடங்குவது) கிடையாது. இறங்கும்போதே உங்கள் இருப்பு தெரியும். பதுங்கி முன்னேறத் தயாரித்த ரேஞ்சருக்கு இங்கே பாதி வேலைதான். ஓடி வரும் பொதுமக்களில் சிலர் ஃபேஸ்லெஸ்ஸாக (மனித உருவில் ஒளிந்த எதிரி) இருப்பார்கள் என்பதால், ஸ்கேனிங் புரோட்டோகால் கற்ற ஸ்பெஷலிஸ்ட் அல்லது ஒரு பேட்டில் ஸ்கேனர் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு பொதுமகனையும் தேடி ஓடுவதைவிட, பாட்களைச் சீக்கிரம் சண்டைக்கு இழுப்பது நல்லது. உங்களோடு மோதும் எதிரி பெரும்பாலும் உங்களையே குறிவைப்பான், மக்களை விட்டுவிடுவான். இந்த மிஷனில் தோற்றால் அந்தப் பிராந்தியத் தொடர்பே போய்விடும், அலட்சியம் வேண்டாம்.

2017இல் வந்த வார் ஆஃப் தி சோசன் விரிவாக்கத்தில் பழைய பழக்கம் அதிகம் அடி வாங்குவது ஜாம்பி போன்ற லாஸ்ட் கூட்டத்திடம்தான். குண்டு வெடித்தால் அடுத்த கூட்டம் வரும். எனவே மூன்று கிரெனேடியர்களோடு போவது நாமே அழைப்பு வைப்பதற்குச் சமம். ஒரு லாஸ்ட்டைச் சுட்டு வீழ்த்தினால் செலவான ஆக்‌ஷன் திரும்பக் கிடைக்கும், வாளால் வெட்டினால் கிடைக்காது. ஆகவே இங்கே கணக்கு குண்டுகளின் எண்ணிக்கைதான். அசால்ட் ரைஃபிளில் 4, கேனனில் 3. பிஸ்டலுக்குத் தீர்வதே இல்லை. டைமர் மிஷனில் சுமையாகத் தெரிந்த அதே ஷார்ப்ஷூட்டர், பிஸ்டலோடு இங்கே வரிசையாகச் சுட்டுக்கொண்டே போவார். எக்ஸ்பாண்டட் மேகசீன் கிடைத்தால் இத்தகைய மிஷனுக்குப் போகும் ரைஃபிளில் பொருத்துங்கள்.

எதிரியின் பொருள்களைப் பறிக்கும் சப்ளை ரெய்டில் வழக்கமாக டைமர் இல்லை. புதியவர்களை வளர்க்க இதுவே இடம், ஷார்ப்ஷூட்டருக்கும் இதுவே இடம். மறைந்திருந்து ஓவர்வாட்சில், அதாவது எதிரி அசைந்ததும், சுடும் ஷாட்டுக்கு வழக்கமான குறிக் குறைப்பு கிடையாது என்பதால் முதல் பாட்டை அப்படியே வளைக்கலாம். குண்டு வீசிக் கொன்ற எதிரியிடம் லூட் (கைப்பற்றும் பொருள்) எதுவும் விழாது. கவரையும் கவசத்தையும் குண்டால் கழற்றிவிட்டு, உயிரைத் துப்பாக்கியால் எடுங்கள். மனோசக்தி வீரரான சை ஆப்பரேட்டிவுக்குக் கொலைகளை விட்டுக்கொடுப்பதில் லாபமில்லை. அவர் வளர்வது சை லேப்பில், களத்தில் அல்ல.

ஒரே முதல்தர அணியை எல்லா மிஷனுக்கும் அனுப்பும் பழக்கத்தை விரிவாக்கத்தின் களைப்பு விதி தண்டிக்கிறது. வில் (Will, மன உறுதி) குறைந்து டயர்ட் நிலைக்குப் போனவரை அனுப்பலாம்தான். ஆனால் திரும்பும்போது ஒரு பயத்தையோ கெட்ட குணத்தையோ கூட்டிக்கொண்டு வரக்கூடும். எளிய மிஷன்களில் இரண்டு இடத்தைப் புதியவர்களுக்கு ஒதுக்கினால், பெரிய மிஷன் வரும்போது தேறிய ஆள் இருப்பார்கள். ஸ்குவாட் அளவை 5, 6 என்று உயர்த்தும் பயிற்சிகளைக் கெரில்லா டாக்டிக்ஸ் ஸ்கூலில் தள்ளிப்போடாதீர்கள்.

தளத்தில் ஷேடோ சேம்பர் என்ற அறையைக் கட்டியபின், எந்த எதிரிகள் எத்தனை பேர் என்பது கிளம்பும் முன்பே தெரியும். மெக்குகளும் செக்டோபாடும் (இயந்திர எதிரிகள்) பட்டியலில் இருந்தால் ஃப்ளாஷ்பேங்கை இறக்கி வைத்துவிட்டு இயந்திரங்களுக்கு எதிரான ப்ளூஸ்க்ரீன் ரவுண்ட்ஸை ஏற்றுங்கள். நம் வீரர்களின் மனதைப் பிடிக்கும் செக்டாய்டுகள் என்றால் நேரெதிர்: ஒரு ஃப்ளாஷ்பேங்க் மனக்கட்டுப்பாட்டை அறுத்துவிடும். மியூட்டான்கள் அதிகமென்றால் வாளை நம்பிய ரேஞ்சரை ஷாட்கன் பக்கம் திருப்புங்கள். வெட்ட வரும் கையை அவை தடுத்துத் திருப்பி அடிக்கும்.