மொரிஸ் மைனர் காரில் ரப்பர் புஷ் மாற்றும்போது செய்யக் கூடாதவை

புஷ் என்பது காரின் அசையும் மூட்டுகளில் இரும்புக்கு நடுவே வைக்கும் ரப்பர் உருளை. புதிதாகப் போட்ட புஷ் சில மாதங்களில் கிழிந்துபோனால் பழி ரப்பரின் தரத்தின் மேல்தான் விழும். மட்டமான ரப்பர் கடைகளில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் காரை ஜாக்கில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே நட்டை முழுக்க முறுக்கிவிடுவதால் கெடும் புஷ்கள்தான் அதிகம்.

ரப்பர் புஷ் வழுக்கிச் சுழல்வதற்காகச் செய்யப்பட்டதல்ல. நட்டை இறுக்கியதும் அது உள்ளே பின்னையும் (நடுவே செல்லும் இரும்புத் தண்டு) வெளியே வளையத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பரே முறுகி மீளும். கார் தரையில் நிற்கும் நிலைதான் அதற்கு நடுநிலை. தொங்கும் ஆர்ம் அந்த நிலைக்கு 20 டிகிரி கீழே இருக்கிறது என்று வையுங்கள். அங்கேயே இறுக்கினால், கார் சும்மா நிற்கும்போதும் ரப்பர் 20 டிகிரி முறுகியே இருக்கும். ஒவ்வொரு பள்ளமும் மேடும் அதற்கு மேல் முறுக்கும்.

ஆகவே நட்டை முதலில் கையால் மட்டும் பிடியுங்கள். காரை இறக்கி, சில அடி முன்னும் பின்னும் உருட்டி, பம்பர் பக்கம் நாலைந்து தடவை அழுத்தி விடுங்கள். உருட்டாவிட்டால் டயர்கள் தரையைப் பற்றிக்கொண்டு கார் உயர்ந்தே நிற்கும். பிறகுதான் கடைசி இறுக்கு. அடியில் கை போகவில்லையென்றால் நான்கு சக்கரங்களுக்கும் அடியில் ஒரே உயரத்தில் உறுதியான கட்டைகள் வைக்கலாம்.

மைனர் 1948 முதல் 1971 வரை பிரிட்டனில் தயாரான கார். யாழ்ப்பாணம் உட்பட இலங்கையின் பல ஊர்களில் இன்றும் ஓடுகிறது. இதன் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது, முறுகி மீள்வதால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புக் கம்பியான டார்ஷன் பார்தான். சுருள் ஸ்பிரிங் இல்லையே, ஆபத்தில்லை என்று நினைத்து லோயர் ஆர்மைக் கழற்றுவது பெரிய தவறு. அந்தக் கம்பி முறுக்கேறியபடிதான் இருக்கிறது. பிடிமானம் விட்டதும் ஆர்ம் வேகமாகக் கீழே அடிக்கும். காரின் உடலை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் தனி ஜாக் கொடுத்து, அதை மெல்ல இறக்கித்தான் பளுவை விட வேண்டும். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்கவே கூடாது. கம்பியையே கழற்ற நேர்ந்தால் அதன் முனையிலுள்ள பல்வரிசை சேரும் இடத்தில் குறி போடுங்கள்; ஒரு பல் மாறினாலும் காரின் உயரம் மாறும். ஓடிப் பழகிய இடது, வலது கம்பிகளை மாற்றிப் பூட்டவும் கூடாது.

ஆர்மின் உள்முனை, தலையில் வளையமுள்ள போல்ட்டான ஐபோல்ட்டில் தொங்குகிறது. பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு புஷ்கள். ரப்பர் செத்து நெடுநாள் ஓடிய காரில் இரும்போடு இரும்பு உரசி ஐபோல்ட்டின் வளையம் முட்டை வடிவாகிவிடும். அதில் புது ரப்பரைத் திணிப்பது வீண். ஐபோல்ட்டையும் பின்னையும் துடைத்து, தேய்மானத்தை விரலால் தடவிப் பார்த்த பிறகே ரப்பர் வாங்கலாம். வாங்கும்போது வளைத்துப் பாருங்கள். அலமாரியில் கிடந்தே வயதான ரப்பரில் நுண்ணிய வெடிப்புகள் தெரியும்.

பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கை (பட்டை ஸ்பிரிங்) உடலோடு இணைக்கும் ஆடும் இணைப்பான ஷேக்கிளுக்கு இரு பக்கமும் சேர்த்து எட்டு ரப்பர். ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும் என்பதால், பின்னால் தூக்கும்போது முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பது கட்டாயம். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள், ஆக்சில் நகர்ந்துவிடும். ஷேக்கிளின் பின் கழன்று வர மறுத்தால் சுத்தியலை எடுக்கும் முன் ஆக்சிலுக்கு அடியிலுள்ள ஜாக்கைச் சில மில்லிமீட்டர் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஸ்பிரிங்கின் பளு நீங்கும் இடத்தில் பல பின்கள் தானாக நழுவி வரும். அடித்தே ஆக வேண்டுமென்றால் மரை கெடாதபடி நட்டைப் பின்னின் நுனி மட்டத்துக்குத் திருகி வைத்து அடிக்கலாம். பழைய ரப்பரை கேஸ் டார்ச் வைத்து எரிப்போர் உண்டு. நச்சுப் புகை ஒருபுறமிருக்க, மைனரின் பெட்ரோல் டேங்க் இருப்பது பின்னால், டிக்கிக்கு அடியில்! கத்தியால் அறுத்தெடுங்கள். ஸ்பிரிங் மாட்டியிருக்கும் ஹேங்கர்களையும் ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மைனரில் துருவுக்குப் பேர்போன இடம் அது. தகடு உள்ளே போனால் முதலில் வெல்டிங், பிறகே புஷ்.

புஷ் ஏற மறுக்கும்போது கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தடவுவது வழக்கமாகிவிட்டது. பெட்ரோலிய எண்ணெய் இயற்கை ரப்பரை ஊத வைத்து மென்மையாக்கிவிடும். சோப்புத் தண்ணீர் போதும். காய்ந்ததும் ரப்பர் பிடித்துக்கொள்ளும். துரு விடுவிக்கத் தெளித்த எண்ணெயையும் துடைத்தெடுங்கள். பாலியூரித்தேன் புஷ் என்றால் கதையே வேறு. அது சுழல்வதற்காகவே செய்யப்பட்டது, அதனுடன் வரும் கிரீஸைத் தாராளமாகப் பூச வேண்டும். அதன் விதியை ரப்பருக்கும், ரப்பரின் விதியை அதற்கும் மாற்றிப் போடுவதால்தான் கீச்சொலியும் கிழிசலும்.

ஸ்பேனர் அங்குல அளவில் இருக்கட்டும். 9/16 அங்குலம் என்பது 14.29 மில்லிமீட்டர், 14 நுழையாது, 15 வழுக்கி நட்டின் முனையை உருட்டிவிடும். நட்டு கழலாமல் ஓட்டை வழியே பூட்டும் ஸ்பிளிட் பின் வரும் இடங்களில் புதியதையே போடுங்கள். ஓட்டை நேருக்கு வராவிட்டால் நட்டைக் கொஞ்சம் கூட்டி முறுக்க வேண்டும், தளர்த்தக் கூடாது.

சுமார் 100 கிலோமீட்டர் ஓடியபின், சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே, எல்லா நட்டுகளையும் ஒருமுறை சோதியுங்கள். வீல் அலைன்மென்ட்டை அதன் பிறகு பார்த்தால் போதும்.