டிஷ் இல்லாமல் டிவி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஷ்ஷைக் கழற்றிவிட்டு ஆன்டெனாவுக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் புதிதாக மாறுகிறவர்கள், வீட்டிலும் சரி, தங்கும் வசதியுள்ள பயண வண்டியான கேரவனிலும் சரி, அதே இடங்களில்தான் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள். கேபிளைச் செருக மறப்பது மாதிரியான சில்லறைத் தவறுகளை விட்டுவிடுவோம். காசைக் கரைப்பவை வேறு.

பூஸ்டரை நம்பிக் கெடுவது

படம் கட்டம் கட்டமாக உடைந்தால் உடனே ஒரு பூஸ்டர் வாங்குகிறார்கள். அதைக் கொண்டுபோய் டிவிக்குப் பின்னால் மாட்டுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இது நிற்பதில்லை. பூஸ்டர் புதிதாகச் சிக்னலை உண்டாக்காது. தன்னிடம் வந்து சேர்வதைப் பெருக்கும், கூடவே இரைச்சலையும் பெருக்கும். 30 மீட்டர் ஆர்ஜி-6 (வழக்கமான ஆன்டெனா கேபிள்) யுஎச்எஃப் எனும் உயர் அலைவரிசைச் சேனல்களில் 5 முதல் 6 டெசிபல் வரை சிக்னலைத் தின்றுவிடும். ஒரு கேபிளைப் பல டிவிகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் இருவழி என்றால் மேலும் 3.5, நால்வழி என்றால் 7. இவ்வளவும் போனபின் பெருக்கிப் பயனில்லை. பூஸ்டர் இருக்க வேண்டிய இடம் கம்பத்தில், ஆன்டெனாவை ஒட்டி.

அங்கே வைத்தவர்களும் அடுத்த குழியில் விழுகிறார்கள். கம்பத்துப் பூஸ்டருக்கு மின்சாரம் போவது அதே கேபிள் வழியாகத்தான். நடுவில் சாதாரண ஸ்பிளிட்டர் இருந்தால் மின்சாரம் அதோடு நின்றுவிடும். மின்சாரம் வராத பூஸ்டர் பெரும்பாலும் சிக்னலையே அடைத்துவிடும். கேபிளுக்குள் மின்சாரம் ஏற்றும் பவர் இன்ஜெக்டரை ஸ்பிளிட்டருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் வையுங்கள்.

கேரவனில் இதே கோளாறு வேறு விதமாக வரும். பல வண்டிகளில் சுவரில் சின்ன விளக்கோடு ஒரு ஸ்விட்ச் இருக்கும். போட்டால் கூரை ஆன்டெனா. அணைத்தால் கேரவன்கள் தங்கும் முகாமில் தரும் கேபிள் இணைப்பு. அணைத்தபடியே டிவியில் சேனல்களைத் தேடும் ஸ்கேனைச் செய்துவிட்டு, ஒரு சேனலும் இல்லையென்று புது ஆன்டெனா வாங்கிவிடுகிறார்கள்! வாங்குமுன் ஸ்விட்சைப் போட்டு, கூரையில் கேபிளைக் கழற்றி, நடுக்கம்பிக்கும் வெளிவளையத்துக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். சுமார் 12 வோல்ட் டிசி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பழுது ஆன்டெனாவில் இல்லை: ஃபியூஸையும் கனெக்டரையும் பாருங்கள்.

ஒளிபரப்புக் கோபுரம் பக்கத்திலேயே இருந்தால் கதை தலைகீழ். டிவிக்குள் சேனலைப் பிடிக்கும் ட்யூனரைப் பூஸ்டர் திணறடித்து, நன்றாக வந்த சேனலையும் காணாமல் போக்கும். அங்கே பூஸ்டரே வேண்டாம்.

வண்டி இடம் மாறியும் ஸ்கேன் செய்யாதது

ஒவ்வொரு ஊரிலும் புதிதாக ஸ்கேன். விதிவிலக்கே இல்லை.

உயர்த்திய கூரை ஆன்டெனாவை இறக்காமல் கிளம்புவது

வண்டிச் சாவியில் நினைவுச்சீட்டு ஒன்றைக் கட்டுங்கள்.

முகாம் வைஃபையை நம்புவது

பல முகாம்களின் வைஃபை ஒரு லாகின் பக்கத்தைத் திறக்கச் சொல்லும். டிவியில் செருகி இணையப் படம் பார்க்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்குகள் பலவற்றுக்கு அது ஒத்துவராது. வைஃபையை வாங்கிப் பகிரும் சின்னப் பெட்டியான டிராவல் ரவுட்டரைப் போன் வழியாக ஒருமுறை லாகின் செய்துவிட்டால் மற்றக் கருவிகள் அதன் பின்னால் வந்துவிடும். ஆனாலும் மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கும்போது வேகம் படுத்துவிடும். மொபைல் ஹாட்ஸ்பாட் என்றால் எச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும். 20 ஜிபி பேக் ஏழு மணி நேரம்கூடத் தாங்காது. செயலியில் தரத்தை 480பி-க்கு இறக்குங்கள். மணிக்கு 1 ஜிபிக்குள் அடங்கும்.

ஸ்டிக் அடிக்கடி தானாக அணைந்து எழுந்தால் டிவியின் யுஎஸ்பி துளை போதிய மின்சாரம் தரவில்லை. அதோடு வந்த அடாப்டரில் போடுங்கள்.

டவுன்லோடு செய்த படங்களுக்குக் காலக்கெடு உண்டு. கிளம்புவதற்கு முந்தைய நாள் ஏரோபிளேன் மோடில் ஒவ்வொன்றையும் திறந்து, ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.